ஈரக்காரன் வேஷம்

அவரை எல்லாரும் பூச்சாண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். பால் போடுகிறவர், மூலைக்கடைக்காரர், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் விதிவிலக்கில்லை. கல்யாணமான புதிதில் மருமகன்கூட வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமனார் கோபித்துக்கொள்ளவில்லை. பூச்சாண்டியாக இருந்து சம்பாதித்துத்தான் அவனுக்குப் பெண்ணையே கட்டிக்கொடுத்திருந்தார்.

'கொஞ்சம் பயப்படு' என்று பிள்ளைகளுக்கான பேய்க்கதைத் தொடர் ஒன்று தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது. வாரம் ஒரு கதை. ஒவ்வொன்றிலும் வேறு வீடு, வேறு பிள்ளைகள், வேறு பயம். எல்லாவற்றிலும் மாறாமல் வந்தவர் நம்முடைய பூச்சாண்டி ஒருவர்தான். ஆனால் அவர் முகத்தை ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை. ஒரு வாரம் பரணில் குடியிருக்கும் பூனைமனிதனாக வருவார். இன்னொரு வாரம் வகுப்பறைக் கரும்பலகையிலிருந்து இறங்கி வரும் சுண்ணாம்புக் கிழவனாக வருவார். ஆள் நல்ல உயரம், காற்றடித்தால் சாய்ந்துவிடும் ஒல்லி. எந்த ரப்பர் தோலும் அவர் உடம்பில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கு முன்னால் ஒரு செருப்புக்கடை வாசலில் கரடித்தோல் மாட்டிக்கொண்டு போகிற வருகிறவர்களுக்கு விளம்பரத்தாள் நீட்டிக்கொண்டிருந்தார். அங்கேதான் அந்தப் பழக்கம் வந்தது. கரடியைக் கண்டு அலறும் பிள்ளையிடம் சட்டென்று மண்டியிடுவார். தலையைக் கழற்றி வியர்த்து வழியும் முகத்தைக் காட்டி, "நான்தான், வேற யாருமில்ல" என்பார். பிள்ளை சிரித்ததும் மறுபடி மாட்டிக்கொள்வார். தொலைக்காட்சிக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. படப்பிடிப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் தன் முகத்தைப் பார்க்க வைப்பார். வேஷத்தைத் தொட்டு, மூக்கைப் பிடித்து இழுத்து, பல்லை ஆட்டிப் பார்க்கச் சொல்வார். அப்புறம்தான் தலையை மாட்டுவார். பயப்படுகிற மாதிரி நடிக்கிற பிள்ளை வேறு, பயந்துபோன பிள்ளை வேறு, இரண்டாவது என் கையால் வேண்டாம் என்பார். பழைய இயக்குநருக்கு அது புரிந்திருந்தது.

புதிதாக வந்தவர் இளைஞர், சுறுசுறுப்பானவர், யாரையும் மரியாதை குறைவாகப் பேசாதவர். தொடரைப் பார்க்கிறவர்கள் குறைந்துகொண்டே போவதாக மேலிடம் அவர் கழுத்தைப் பிடித்திருந்தது. அவர் கொண்டு வந்த முதல் கதைதான் ஈரக்காரன்.

ஈரக்காரன் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் இருப்பவன். மேலே குடியிருக்கும் பிள்ளைகள் தொலைக்கும் பந்து, பொம்மை, ஒற்றைச் செருப்பு எல்லாம் அவனிடம்தான் போய்ச் சேரும். தேடிக்கொண்டு வரும் பிள்ளைக்குப் பொருளைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொள்வான். இவ்வளவுதான் கதை. இடிப்பதற்காகக் காலி செய்து வைத்திருந்த ஒரு கட்டடத்தையே அதற்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

நிலவறையில் முன்பு குடித்தனக்காரர்கள் துணி துவைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த சலவை இயந்திரங்கள் சுவரோரம் வாயைத் திறந்துகொண்டு நின்றன. கூரை முழுக்கத் தண்ணீர்க் குழாய்கள் ஓடின. காட்சிக்காகத் தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். ஒரு மூலையில் கழிவுநீர்த் தொட்டி இருந்தது. தரையோடு தரையாக இரும்பு மூடி, அதற்குக் கீழே ஓர் ஆள் ஆழத்துக்கு மேல் பள்ளம்.

நாயகியாக வந்த சிறுமி நாலாம் வகுப்புப் படிப்பவள். வாய் ஓயாது. பூச்சாண்டி மண்டியிட்டு முகத்தைக் காட்டியபோது அவளும் மண்டியிட்டு அவர் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "மாமா, உங்களுக்கு வேஷமே வேண்டாம்" என்றாள். செட்டே சிரித்தது. பிறகு அவர் பெயர், ஊர், பல் எத்தனை என்று எல்லாம் விசாரித்தாள். வேஷம் மாட்டியதும் வியர்வையில் துவண்டவருக்குக் கழுத்து ஓட்டை வழியாக உறிஞ்சுகுழாயை விட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

அதுதான் வினையாகப் போனது. ஈரக்காரன் இருட்டிலிருந்து வரும் காட்சியில் அவள் முகம் வெளிறவில்லை. கண்ணை அகலமாக விரித்தாள், வாயைப் பொத்தினாள், கடைசியில் பொத்திய கைக்குள் சிரித்துவிட்டாள். காலை முழுவதும் எடுத்தும் தேறவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இயக்குநர் பூச்சாண்டியைப் படிக்கட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். தோளில் கைபோட்டுக்கொண்டு தன் திட்டத்தைச் சொன்னார். அம்மாவைத் தேநீர் குடிக்க மேலே அனுப்பிவிடலாம். இது வெறும் விளக்கு ஒத்திகை, மாமா மேலே ஓய்வெடுக்கிறார் என்று பாப்பாவிடம் சொல்லிக் கீழே அனுப்பலாம். அவள் நடுவில் வந்து நின்றதும் கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிடலாம். கொஞ்ச நேரம் கழித்து நீல விளக்கு மெல்ல எரியும். அப்போது அவள் மூக்குக்கு எதிரே ஈரக்காரன் நிற்க வேண்டும். சுவரில் மாட்டிய கேமரா ஓடிக்கொண்டே இருக்கும்.

பூச்சாண்டி வேண்டாம் என்றார். குழந்தை, சார், அப்புறம் என்னை நம்பாது என்றார். இயக்குநர் கெஞ்சினார். ஒரே ஒரு தடவைதான், முடிந்ததும் நானே காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். பிறகு குரல் மாறாமலே, "நீங்க மாட்டேன்னா அந்தத் தோலை வேற யாராவது மாட்டிக்குவாங்கண்ணே. அவங்களுக்கு உங்க அளவுக்குப் பக்குவம் இருக்காது" என்றார்.

அந்த வார்த்தைதான் அவரைச் சம்மதிக்க வைத்தது. எவனோ ஒருவன் பிள்ளையின் மேல் முரட்டுத்தனமாகப் பாய்வதைவிட நாமே மெதுவாகப் போய் நின்றுவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அது தேறவில்லை. உடையலங்காரப் பெண் முதுகுப் பக்கம் ஜிப்பை இழுத்து, தலையை மாட்டிக் கொக்கி போட்டாள்.

அவரைக் கூட்டிக்கொண்டு போய் தொட்டிக்கு எதிர் மூலையில் இருந்த பெரிய சலவை இயந்திரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியேறினார்கள். தலைக்குள் பசை வாடையும் அவருடைய மூச்சும்தான். பார்ப்பதற்குக் கழுத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள். அதில் குழாய்களும் தண்ணீரின் மினுக்கமும் தெரிந்தன. எங்கேயோ சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. சிறுமி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ரப்பர் செருப்பு சளப் சளப்பென்று சத்தம் போட இறங்கி வந்தாள். நடுவில் நின்றாள். கதவு சாத்தப்பட்டது. விளக்கு அணைந்தது.

இப்போது அழுவாள் என்று பூச்சாண்டி எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. முணுமுணுத்த பாட்டு மட்டும் நின்றது. பிறகு சாதாரணமாகப் பேசினாள்.

"மாமா? நீங்க மேல இருக்கீங்கன்னு சொன்னாங்களே?"

கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பாதி நிம்மதியாகக்கூட இருந்தது. பதில் சொல்லலாமா, கூடாதா என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவள் "ம்" என்றாள். யாரோ ஏதோ சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு சொல்லும் "ம்". பிறகு, "சரி, வர்றேன்" என்றாள். செருப்புச் சத்தம் நகர்ந்தது. அவரை நோக்கி வரவில்லை. எதிர்ப்பக்கம் போனது.

அவர் தப்பாகக் கேட்டிருப்போம் என்று நினைத்தார். தலைக்குள் சத்தம் சரியாகத் திசை காட்டாது. ஆனால் அந்த அறையில் சின்ன முனகல்கூடச் சுவரெல்லாம் மோதித் தெளிவாகத் திரும்பியது. இப்போது அவள் குரல் அறையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது.

"கை ஏன் மாமா இவ்வளவு சில்லுனு இருக்கு?"

அவருடைய இரண்டு கைகளும் அவர் உடம்பின் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் ரப்பர் நகம் இயந்திரத்தின் விளிம்பில் உரசியது. இன்னொன்றில் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு அவர் யோசிக்கவில்லை. "பாப்பா, நில்லு!" என்று கத்தினார். தலைக்குள்ளேயே அது முட்டி மோதி அவர் காதைத்தான் அடைத்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்து இழுத்தார். கொக்கி கழலவில்லை. கழுத்துத் தோல் கிழிந்து தலை கையோடு வந்தது. "நில்லு கண்ணு! அது நான் இல்ல! நான் இங்க இருக்கேன்!"

செருப்புச் சத்தம் நின்றது.

"அப்ப இது யாரு?" என்றாள் அவள்.

கனமான தோலோடு தண்ணீரை உழுதுகொண்டு அவர் ஓடினார். ஒரு தடவை விழுந்து எழுந்தார். வெளியே யாரோ பதறி விளக்கைப் போட்டார்கள். அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. சிறுமி தொட்டி இருந்த மூலையில் நின்றுகொண்டிருந்தாள். வலது கை பக்கவாட்டில் உயர்ந்து, வளர்ந்த ஒருவரின் கையைப் பிடித்திருக்கும் உயரத்தில் அப்படியே அந்தரத்தில் நின்றது. அவள் காலுக்கு முன்னால் தண்ணீர் ஒரு சதுரத்துக்கு மட்டும் கறுப்பாக இருந்தது. தரையில் தண்ணீர் நிரப்பிய மோட்டார்க்காரர் சாயங்காலம் அதை இறைப்பதற்குக் குழாயை விட்டுப் பார்க்கத் தொட்டியின் மூடியைத் தூக்கியிருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டதும் மூட மறந்து போயிருக்கிறார். மேலே தண்ணீர் மட்டமாக நின்றதால் தெரியாதவர்களுக்கு வெளிச்சத்தில்கூட அது நிழல் விழுந்த தரை மாதிரிதான் தெரிந்திருக்கும்.

பூச்சாண்டி அவளை வாரித் தூக்கினார். அவளுக்கு உடம்பு சுடச்சுட இருந்தது, அந்த வலது கை மட்டும் மணிக்கட்டு வரைக்கும் பனிக்கட்டி.

இயக்குநர் படியில் இறங்கும்போது காட்சி கெட்டுப்போன கோபத்தோடுதான் வந்தார். கறுப்புச் சதுரத்தைப் பார்த்ததும் அப்படியே ஈரப்படியில் உட்கார்ந்துவிட்டார். ஓடி வந்த அம்மா மகளைப் பிடுங்கிக்கொண்டார். யாரையும் திட்டவில்லை. அவர் பார்த்த பார்வைக்குத் திட்டியிருந்தாலே தேவலை. அன்றைக்குப் படப்பிடிப்பு நின்றது. மோட்டார்க்காரர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

வேஷத்தைக் கழற்றிவிட்டுப் பூச்சாண்டி ஒலிப்பதிவுக்காரப் பெண்ணிடம் போனார். அவள் ஏற்கெனவே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காதில் மாட்டுவதை அவரிடம் கொடுத்தாள். சிறுமியின் பேச்சு அப்படியே பதிவாகியிருந்தது. ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது, எதிரே ஒருவர் நிதானமாகப் பேசி முடிக்கும் அளவுக்கு. அந்த இடைவெளிகளில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. "கூர்ந்து கேட்டா, அந்த நேரத்துல சொட்டறதுகூட நின்னுடுதுண்ணே" என்றாள் அவள். அவர் மறுபடி கேட்க விரும்பவில்லை.

கட்டடத்தின் காவலாளியிடம் போய் விசாரித்தார். இங்கே முன்னால் ஏதாவது நடந்திருக்கிறதா, யாராவது விழுந்தார்களா, செத்தார்களா என்று சுற்றி வளைக்காமல் கேட்டார். காவலாளி அங்கேயே நரைத்த மனிதர். நன்றாக யோசித்துப் பார்த்து, அப்படி ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டார். குடும்பங்கள் இருந்தன, சண்டை போட்டன, துணி துவைத்தன, காலி செய்துகொண்டு போயின, அவ்வளவுதான். பூச்சாண்டிக்கு அதைக் கேட்டுத்தான் இன்னும் கலக்கமாக இருந்தது. ஒரு சாவு, ஒரு பழி என்று ஏதாவது காரணம் இருந்திருந்தால் அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர், எதையும் எளிதில் நம்பாதவர். இருட்டில் பயந்த பிள்ளை தன்பாட்டுக்குப் பேசியிருக்கும் என்றுதான் முதலில் சொன்னார். கொஞ்ச நேரம் பாத்திரம் தேய்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நம்பறதும் நம்பாததும் அப்புறம் பார்த்துக்கலாங்க. அந்த வேலைக்கு நீங்க இனி போக வேண்டாம்."

அவரும் அதையே நினைத்திருந்தார். இயக்குநர் வீடு தேடி வந்து, நீங்கள் இல்லாமல் தொடர் இல்லை, இனி எந்தப் பிள்ளையையும் ஏமாற்ற மாட்டேன் என்று மனசாரத்தான் சொன்னார். பூச்சாண்டி அவருக்குத் தேநீர் கொடுத்து, "உங்க மேல கோபமில்ல சார். தலையை மாட்டினா வெளிய என்ன நிக்குதுன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. அதான்" என்று அனுப்பிவைத்தார். ஆனால் அந்தக் கதையைத் தூக்கிப் போட இயக்குநருக்கு மனம் வரவில்லை. காலையில் எடுத்த காட்சிகளை இருட்டாக்கி, அதன் மேல் அந்த ஒலிப்பதிவைப் போட்டு வெளியிட்டார். தொடரிலேயே அதற்குத்தான் பேச்சு அதிகம். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஓடி வந்து, அங்கிள், நேத்து சூப்பர், நாங்க விளக்கைப் போட்டுட்டுத்தான் படுத்தோம் என்றார்கள். ஈரக்காரனின் குரலை மட்டும் கேட்கவிடாமல் வைத்தது அபாரம் என்று பத்திரிகையில் ஒருவர் எழுதினார். பூச்சாண்டி அந்தக் கதையைப் பார்க்கவில்லை. அவர் மனைவி பார்த்தார். "கை ஏன் மாமா" என்று வரும் இடத்தில் பெட்டியை அணைத்துவிட்டு, வீட்டில் இருந்த எல்லா விளக்கையும் போட்டார். நம்பாத அம்மாள்தான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிறுமியின் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நன்றி சொல்ல வந்தவர் பேச்சு வராமல் அழுதார். இரண்டு பெண்களும் உள்ளே இருக்க, சிறுமி பால்கனியில் பூச்சாண்டியோடு நின்று கீழே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு மாதிரி வளவளவென்று பேசவில்லை. திடீரென்று, "அவரு உங்க குரல்லதான் பேசினாரு மாமா" என்றாள்.

அவர் தெரியும் என்பதுபோல் தலையாட்டினார். என்ன சொன்னார் என்று கேட்டார். தொலைத்ததை எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று சொன்னாராம்.

"அப்புறம் உங்க பேரைக் கேட்டாரு."

"யார் பேரை?"

"உங்க பேரைத்தான். உன் மாமா பேரு என்னன்னு. நீங்கதான் விளையாடறீங்கன்னு நினைச்சு நான் சத்தமே வராம அவரு காதுல சொல்லிட்டேன். பூச்சாண்டின்னு சொல்லல, நிஜப் பேரு." அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்க்காமல் கேட்டாள். "தப்பா மாமா?"

அவர் அவள் தலையில் கையை வைத்து, அதில் ஒரு தப்பும் இல்லை கண்ணு, கேட்டால் சொல்லத்தானே வேண்டும் என்றார். குரல் பிசிறாமல் சொன்னார். இத்தனை வருஷம் நடித்ததற்கு அது ஒன்றுதான் பலன் என்று பிறகு தனக்குள் நினைத்துக்கொண்டார். இதை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை.

இப்போது அவர் ஒரு பெயிண்ட் கடையில் வண்ணம் கலந்து கொடுக்கிறார். பகல் வேலை, கண்ணாடி முகப்பு, உள்ளே எப்போதும் ஆள் நடமாட்டம். முதலாளி சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லைக்கு என்ன பெயர் போடலாம் என்று கேட்டபோது, பெயர் வேண்டாம், வெறுமனே விட்டுவிடுங்கள் என்று அவர் வற்புறுத்தியதை முதலாளி இன்றுவரை வேடிக்கையாகச் சொல்கிறார். கடைக்குப் பின்னால் கிடங்கு இருக்கிறது. அங்கிருந்து யாராவது எதையாவது எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கத்தினால் அவர் இருந்த இடத்திலிருந்து பதில் கொடுப்பதில்லை. நடந்து போய், எட்டிப் பார்த்து, ஆளைக் கண்ட பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்பார். வயசாகிவிட்டது, காது மந்தம் என்று கடைப் பையன்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். சிறுமி இப்போது அம்மாவின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். நடிப்பதில்லை, நீச்சல் கற்றுக்கொள்கிறாள். மாதத்தில் ஒரு நாள் தொலைபேசியில் பேசுவாள். மணி அடித்து இவர் எடுத்ததும் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு அவள் போன தடவை பேசும்போது இருவரும் எதைப் பற்றிச் சிரித்தோம் என்று கேட்பாள். அவர் சரியாகச் சொல்வார். அதற்குப் பிறகுதான் "மாமா" என்பாள்.